மஞ்சள் இறக்கையில் ஒரு கட்டைவிரல்

லுபோர் ஹனாக்கை நான் முதலில் சந்தித்தது ஹோலெஷோவ் தீயணைப்பு நிலையத்தின் மாடியில். வியாழக்கிழமை சாயங்காலங்களில் ஊரின் மாடல்காரர்கள் அங்கேதான் கூடுவார்கள். விமானம், டாங்கி, கப்பல் எல்லாம் உள்ளங்கை அளவில் அந்த மேஜைகளில் உருவாகும். பக்கத்து ஊர்ப் பெயின்ட் ஆலையின் ஆய்வகத்தில் எனக்கு வேலை கிடைத்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. டிராக்டர் ஓட்டுகிறவரின் மகன் நான். எங்கள் வீட்டில் பெயருக்கு முன்னால் இன்ஜினியர் என்று போட்டுக்கொண்ட முதல் ஆள். ஐந்து வருடம் ராத்திரியும் பகலுமாகப் படித்து வாங்கியதை மறைக்கும் பழக்கம் எனக்கில்லை. அன்றும் பட்டத்தோடுதான் பெயரைச் சொன்னேன்.

மூலை மேஜையில் ஒரு பெரிய ஆள் உட்கார்ந்து, ஒரு பிளாஸ்டிக் கரண்டியின் முதுகில் காற்றழுத்தத்தில் பெயின்ட் தெளிக்கும் ஏர்பிரஷ்ஷால் வார்னிஷ் அடித்துக்கொண்டிருந்தார். விரல் ஒவ்வொன்றும் சாஸேஜ் பருமன். தலையைத் தூக்காமலே சொன்னார்:

"இன்ஜினியர் வந்திருக்காருப்பா. யாராவது நாற்காலியைத் துடைச்சுப் போடுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நாற்காலியை அவரே துடைத்துப் போட்டார். பிறகு காகிதப் பொட்டலத்தைப் பிரித்து, பன்றித்தலை இறைச்சியை அழுத்திச் செய்த ட்லச்சென்காவை வெட்டி, மேலே வெங்காயமும் வினிகரும் போட்டு என் பக்கம் தள்ளினார். சதுக்கத்து இறைச்சிக் கடை அவருடையது.

புதுப் பெயின்ட்டையோ வார்னிஷையோ மாடலில் அடிப்பதற்கு முன்னால் கரண்டியில் அடித்துப் பார்ப்பது எல்லா மாடல்காரர்களும் செய்வதுதான். ஒன்று, இரண்டு, மிஞ்சிப்போனால் ஐந்து கரண்டி. லுபோர் இரண்டு மாதமாகக் கரண்டியைத் தவிர வேறெதையும் தொடவில்லை. ஏன் என்று டிரஹோமிரா அம்மாவிடம் கேட்டேன். ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். டாங்கி மட்டும்தான் செய்வார். அவர்தான் சொன்னார்.

லுபோருக்கு ஹெத்விகா என்று ஒரே மகள். ஒன்பது வயது. முந்தின பிப்ரவரிக்கு முந்தின பிப்ரவரியில் மூளைக்காய்ச்சல் வந்து மூன்றே நாளில் போய்விட்டாள். அதற்கு ஒரு வாரம் முன்பு அப்பாவும் மகளும் ஒரு ச்மெலாக் விமானம் செய்துகொண்டிருந்தார்கள். வயலுக்கு மருந்து தெளிக்கிற விமானம். பெயருக்குப் பொருள் குண்டு வண்டு. பெயருக்காகவே அவள் அதைத் தேர்ந்தெடுத்தாள். மஞ்சளை அவளே தூரிகையால் பூசினாள். காய்வதற்குள் இடது இறக்கையைக் கட்டைவிரலால் தொட்டுவிட்டாள். ரேகை பதிந்துவிட்டது.

லுபோர் திட்டினார். ஈரப் பெயின்ட்டைத் தொடக் கூடாது என்று எத்தனை தடவை சொல்வது, நாளைக்கு உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிடுகிறேன் என்று கத்தியிருக்கிறார். அவள் அழுதுகொண்டே தூங்கப் போனாள். மறுநாள் கடையில் கூட்டம். தேய்க்க நேரமில்லை. அதற்கப்புறம் தேய்க்கும் பேச்சே இல்லை.

அடுத்த வியாழக்கிழமை லுபோர் ஒரு ஷூ டப்பாவை என் முன்னால் வைத்துத் திறந்தார். பஞ்சுக்கு நடுவில் மஞ்சள் விமானம். ஜன்னல் பக்கம் சாய்த்துப் பிடித்தால்தான் ரேகை தெரிந்தது. சிறு சுழி, அதற்குக் குறுக்கே ஒரு வெட்டுத் தழும்பு.

"டப்பா திறக்கப் போய்க் கையைக் கீறிக்கிட்டா. இங்க பாருங்க, ஓரத்தை."

இறக்கையின் ஓரத்தில் பெயின்ட் செதில் செதிலாக எழும்பியிருந்தது. காரணம் அவருக்கே தெரிந்திருந்தது. கடையிலிருந்து வந்த கையோடு பாகங்களை எடுத்துக் கொடுத்தது அவர். எவ்வளவு சோப்புப் போட்டாலும் போகாத கொழுப்பு அந்தக் கையில். கொழுப்புப் பட்ட பிளாஸ்டிக்கில் பெயின்ட் பிடிக்கவில்லை.

விட்டால் எவ்வளவு நாள் தாங்கும் என்று கேட்டார். இன்னொரு குளிர்காலம் தாங்காது என்றேன். அது பொய்யில்லை.

செதில் உதிராமல் பிடித்துவைக்க மேலே வார்னிஷ் அடிக்க வேண்டும். பளபளக்கும் வார்னிஷ் ரேகையின் பள்ளத்தை நிரப்பிவிடும். மினுக்காத மேட் வார்னிஷைத்தான் புகை மாதிரி அடிக்க வேண்டும். எந்த ஏர்பிரஷ் என்பதுதான் கேள்வி. லுபோரிடம் இருபது வருடப் பழசு ஒன்று இருந்தது. பெயின்ட் வெளிவரும் ஊசித் துளை புள்ளி நான்கு மில்லிமீட்டர். நான் புள்ளி இரண்டு என்றேன். ஊசி மெலிந்தால் துளி சிறிதாகும். துளி சிறிதானால் காற்றழுத்தத்தைக் குறைக்கலாம். எழும்பிய செதில் அசையாது. சொன்னதோடு விடவில்லை. இரவல் வாங்கிய புள்ளி இரண்டிலும் அவருடைய பழசிலும் அடித்த கரண்டிகளை ஆய்வகத்துக்குக் கொண்டுபோய், நுண்ணோக்கியில் துளிகளை அளந்து, படம் அச்சிட்டுக் கொண்டுவந்தேன். புள்ளி இரண்டின் துளி பாதிதான் இருந்தது.

டிரஹோமிரா அம்மா படத்தைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"மேட் வார்னிஷ்ல மாவு மாதிரி ஒரு பொடி கலந்திருக்கு தம்பி. மாவு இருக்கறதாலதான் அது மினுக்காம இருக்கு. அந்தச் சின்ன ஓட்டையில மாவு நின்னு அடைக்கும். அவனோட பழசே போதும்."

"இருபது கரண்டி அடிச்சாச்சும்மா. ஒண்ணுலகூட அடைக்கல."

"கரண்டிக்கு ரெண்டு செகண்ட். இறக்கைக்கு?"

மாவின் அளவும் எனக்குத் தெரியும் என்றேன். ஓட்டையைவிட நாற்பது மடங்கு சிறியது என்று காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டினேன். கணக்கு சரிதான். மாவு ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் என்பதையும், ஊசி நுனியில் வார்னிஷ் காயும் என்பதையும் நான் கணக்கில் சேர்க்கவில்லை.

லுபோர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "என்னோடது எலும்பு வெட்டற கை. படிச்சவர் சொல்றதைக் கேட்டுக்கறேன்" என்றார். எனக்கு அன்று பெருமையாக இருந்தது.

புது ஏர்பிரஷ் வந்தது. மார்ச் மாத ஞாயிறு ஒன்றில், மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால், என்னையும் வரச் சொன்னார். அவர் மனைவி ஸ்வதாவா சமையலறையில் மாட்டிறைச்சி சூப் வைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு இதில் விருப்பமில்லை. உதிர்ந்தால் உதிரட்டும், அதுவரைக்கும் பார்த்துக்கொண்டிருப்போம் என்று பல நாள் சொல்லியிருக்கிறாள். அன்று எனக்கு வணக்கம் மட்டும் சொன்னாள்.

லுபோர் நன்றாகத்தான் அடித்தார். அவ்வளவு பெரிய கை அப்படி நகர்ந்து நான் பார்த்ததில்லை. ஒரு வீச்சு. நிறுத்தி, விளக்கைச் சாய்த்து, ரேகையைப் பார்ப்பார். இன்னொரு வீச்சு. மறுபடி நிறுத்தல். அந்த நிறுத்தல்களில்தான் ஊசி நுனி காய்ந்திருக்க வேண்டும். ஆறாவது வீச்சில் புகை மெலிந்தது. புகை மெலிந்தால் ஏர்பிரஷ்காரனின் ஆள்காட்டி விரல் தானாக விசையை இன்னும் பின்னுக்கு இழுக்கும். அவருடைய விரலும் இழுத்தது. அடைப்பு பிய்த்துக்கொண்டு ஒரு பெரிய சொட்டு, சரியாக ரேகையின் மேல் விழுந்தது.

அப்படியே விட்டிருந்தால் காய்ந்து ஒரு வெள்ளைத் திட்டாக நின்றிருக்கும். அடியில் ரேகை இருந்திருக்கும். ஆனால் சொட்டு விழுந்தால் மாடல்காரர்கள் யோசிப்பதில்லை. டிஷ்யூ தாளின் மூலையை முறுக்கி, சொட்டின் மேல் மெல்ல வைத்து, ஈரத்தை உறிஞ்சி எடுப்பார்கள். நானும் ஆயிரம் முறை செய்திருக்கிறேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் வைத்துவிட்டார். எடுத்தபோது தாளோடு மஞ்சள் செதில் ஒன்று வந்தது, தபால்தலையில் பாதி அளவுக்கு. இறக்கையில் அந்த இடம் வெறும் வெள்ளைப் பிளாஸ்டிக்.

ஏர்பிரஷ்ஷுக்குக் காற்றடிக்கும் கம்ப்ரஸர் ஓடிக்கொண்டே இருந்தது. நான்தான் அணைத்தேன். லுபோர் செதிலைத் தாளிலிருந்து பிரிக்கப் பார்த்தார். வார்னிஷில் ஊறிய பெயின்ட் விரலில் மஞ்சளாக ஈஷிக்கொண்டது. பிறகு பிரிக்க எதுவும் இல்லை.

ஸ்வதாவா கரண்டியோடு வாசலில் வந்து நின்றாள். இறக்கையைப் பார்த்தாள், அவர் விரலைப் பார்த்தாள். எனக்கு அவள் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

"கையைக் கழுவிட்டு வா. சூப் ஆறுது" என்றாள்.

அவர் எழுந்திருக்கவில்லை. கழுவினால் அந்த மஞ்சளும் போய்விடுமே என்று விரலைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். அவள் உள்ளே போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்து, பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். நான் கோட்டை எடுத்துக்கொண்டு வெளியேறினேன். யாரும் கவனிக்கவில்லை.

மூன்று வாரம் கழித்துக் கடைக்குப் போனேன். கூட்டம் போகும்வரை காத்திருந்து, டிரஹோமிரா அம்மா சொன்னதுதான் சரி, தப்பு என்னுடையது என்றேன். லுபோர் கத்தியைத் துடைத்து வைத்தார்.

"ஊசி உங்களோடது. துடைச்சது என் கை. அவ மூணு நாள் படுத்திருந்தப்பகூட, அந்த இறக்கையை அப்படியே விட்டுடறேன்னு ஒரு வார்த்தை நான் சொல்லல. ஞாபகமே வரல. நான் தேய்ச்சிருப்பேன்னு நினைச்சுக்கிட்டேதான் அவ போயிருப்பா."

வாடிக்கையாளர் ஒருவர் உள்ளே வந்தார். லுபோர் அந்தப் பக்கம் திரும்பினார்.

இதெல்லாம் நடந்து நான்கு வருடம் ஆகிறது. லுபோர் ஹனாக்குக்கு இப்போது ஐம்பத்தாறு வயது. ஹோலெஷோவில்தான் இருக்கிறார். செவ்வாய் முதல் சனி வரை காலை ஆறு மணிக்குக் கடையைத் திறக்கிறார். வியாழக்கிழமை கூட்டத்துக்கு வருவதில்லை. மாடல் எதுவும் செய்வதில்லை. ஸ்வதாவா அவரோடுதான் இருக்கிறாள்.