ஆவணி வெள்ளியில் வேலை கேட்டுப் போனோம்

என் தங்கை மகள் மயக்க மருந்து மருத்துவத்தில் மேற்படிப்பு முடித்து, ஒப்பந்தப்படி வேறு மாவட்டத்து அரசு மருத்துவமனையில் பணியாற்றிவிட்டு வல்லத்திராக்கோட்டைக்குத் திரும்பியது ஆனி மாதக் கடைசியில். தங்கைக்கு இரண்டு சிறுநீரகங்களும் பழுது. வாரத்தில் மூன்று பகல் புதுக்கோட்டைக்கு டயாலிசிஸுக்குக் கூட்டிப்போக வேண்டும். மகளின் கணவர் துபாயில். வீட்டில் வேறு ஆளில்லை. ஆகவே அவளுக்கு வேலை இந்த மாவட்டத்துக்குள் கிடைத்தாக வேண்டும்.

கிடைப்பதில் என்ன சிரமம் என்றுதான் நினைத்தேன். மாவட்டங்களில் சிறப்பு மருத்துவர்கள் போதவில்லை என்று எத்தனையோ ஆண்டுகளாகப் பத்திரிகைகளில் படித்து வருகிறவன் நான். அரசு ஆளெடுப்பு எப்போது என்று தெரியாததால் தனியார் மருத்துவமனைகளில் கேட்பதென்று முடிவாயிற்று. ஆடியில் புதுக் காரியம் கூடாது, வெறுங்கையோடும் போகக் கூடாது என்றாள் தங்கை. ஆவணி முதல் வெள்ளிக்கிழமை, ராகுகாலத்துக்கு முன்பே, எவர்சில்வர் தாம்பாளமும் வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், பூ அடங்கிய பையுமாக நானும் தங்கை மகளும் பஸ் ஏறினோம்.

முதல் மருத்துவமனையின் அறுவை மருத்துவர் தாம்பாளத்தைப் பார்த்ததும் எழுந்து இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார்.

"கல்யாணம் என்னைக்குங்க? மண்டபம் எது?"

"கல்யாணமெல்லாம் ஆயிருச்சு சார். நான் அனஸ்தீசியா டாக்டர். கேஸ் இருந்தா கூப்பிடுங்கன்னு சொல்ல வந்தோம்."

அவர் தாம்பாளத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். ஆவணி வெள்ளியில் தட்டோடு வந்தால் வேறென்ன நினைப்பது என்று கேட்டார். அவளும் சிரித்தாள். காபி வரவழைத்த பிறகு உள்ளதைச் சொன்னார். இந்தச் சுற்றுவட்டாரத்தில் எந்த மருத்துவமனையில் அறுவை என்றாலும் மயக்க மருந்து கொடுக்க ஒருவர்தான் காரில் வந்து போகிறாராம். தனியாக யாரையும் சம்பளத்துக்கு வைப்பதில்லையாம்.

"ஒங்களுக்கு ஒரு கேஸ் குடுத்தேன்னு தெரிஞ்சா, நாளைக்கு அவசரத்துக்குக் கூப்பிட்டா அவர் வர மாட்டாரும்மா. என் நெலமை அப்படி."

கண்ணெதிரே ஒரு நிபுணர் உட்கார்ந்திருக்க, அவளைக் கூப்பிடப் பயப்படுகிறார் இன்னொரு மருத்துவர். அடுத்த இடத்திலும் இதே பதில். திருமயத்தில் மட்டும் வேலை தரத் தயாராக இருந்தார்கள். காய்ச்சல் தலைவலிக்கு மாத்திரை எழுதும் டியூட்டி டாக்டர் வேலை. மேற்படிப்பை யாரிடமும் சொல்ல வேண்டாம், நோயாளிகள் குழம்புவார்கள் என்றும் கேட்டுக்கொண்டார்கள். வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் நின்றபோது வீட்டுக்கே திரும்பிவிடலாம் என்றேன். அவள் நிதானமாக இருந்தாள்.

"அந்த அனஸ்தீசியா டாக்டரையே நேராப் பாத்துருவோம் மாமா."

புதுக்கோட்டையில் அவர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது மதியம் தாண்டிவிட்டது. அறுபதைக் கடந்தவர். அடுத்த அறுவைக்குக் கிளம்பும் அவசரத்தில் நின்றபடியே தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். விரட்டுவார் என்று எதிர்பார்த்தேன். கை கழுவிவிட்டு வந்து எங்களை உட்காரச் சொன்னார். அம்மாவின் உடல்நிலை, எங்கே படித்தாள், யாரிடம் பயிற்சி என்றெல்லாம் விசாரித்தார்.

"எம் மகனும் இதே படிப்புத்தாம்மா. இங்க ரெண்டு பேருக்குப் பொழப்பு இல்லைன்னு நாந்தான் குவைத்துக்கு அனுப்பி வச்சேன்."

பெற்ற பிள்ளைக்கே விடாத இடத்தில் இவளுக்கு என்ன கிடைக்கப்போகிறது என்று நினைத்தேன். அவர் கொஞ்சம் யோசித்தார்.

"ராத்திரி கேஸுக்கு ஓட எனக்கு இப்ப முடியல. அதை நீ எடுத்துக்க. பகல் என்னோடது. எல்லாருக்கும் நானே சொல்லிடறேன்."

"சரிங்க சார்" என்றாள், யோசிக்கவே இல்லாமல்.

பஸ்ஸில் நான் பொருமினேன். பள்ளிக்குப் பிறகு பத்து வருடங்களுக்கு மேல் படித்தவளுக்கு, இன்னொருவர் வேண்டாமென்று ஒதுக்கிய நேரம்தானா? பகலில் அம்மாவை டயாலிசிஸுக்குக் கூட்டிப்போகலாமே என்றாள் அவள்.

வீட்டில் தங்கை கட்டிலில் எழுந்து உட்கார்ந்து முழுவதையும் கேட்டாள். சந்தோஷப்படுவாள் என்றுதான் நினைத்தேன்.

"அப்ப நீ எப்பத்தான் தூங்குவ?" என்று மகளைக் கேட்டாள்.

ராத்திரி அழைப்பு காதில் விழவேண்டுமென்று மகள் செல்போனில் மணிச்சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டிருந்தாள்.