சாக்பீஸ் அக்காவின் பெருக்கல் குறி

“...பதினேழு, பதினெட்டு, பத்தொம்பது!”

இஸ்திரி மேசையிலிருந்து மடிக்கும் மேசைவரை நடந்து முடித்த சாக்பீஸ் அக்கா அங்கேயே நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நோட்டில் எழுதினார். பிறகு திரும்பி, வந்த வழியே மறுபடியும் ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கினார். போகும்போது பத்தொன்பது அடி என்றால் வரும்போதும் பத்தொன்பதுதானே என்று நான் கேட்டு வைத்தேன். “அது நீங்க வீட்ல உக்காந்து போடுற கணக்கு, எழுத்தாளரே. போறப்ப கை நிறையத் துணி. வர்றப்ப வெறுங்கை. ரெண்டும் ஒண்ணாவா இருக்கும்?” என்றார். ஒன்றாக இல்லைதான். வரும்போது பதினேழு.

அக்காவுக்கு ஐம்பத்தெட்டு வயது. சோப்புத் தொழிற்சாலை ஒன்றில் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்தார். அங்கே அவர் சோப்புச் செய்யவில்லை. செய்கிறவர்கள் எத்தனை அடி நடக்கிறார்கள், எத்தனை தடவை குனிகிறார்கள், எத்தனை நிமிடம் சும்மா நிற்கிறார்கள் என்று அளப்பதுதான் அவர் வேலை. ஓய்வு பெற்ற மறுநாள் காலையில் அளப்பதற்கு ஆளில்லாமல் தவித்துப் போனார். அன்றைக்கு அகப்பட்டவர் அவருடைய கணவர். “சமையல்கட்டுல ரெண்டு நிமிஷம் சேந்தாப்புல நின்னா காலைச் சுத்திக் கோடு போட்டுடுறா. அதனால நான் நடந்துக்கிட்டே இருக்கேன். டாக்டரும் நடக்கத்தான் சொல்லியிருக்கார்” என்று அவர் என்னிடம் சொன்னதில் வருத்தம் எவ்வளவு, நிம்மதி எவ்வளவு என்று எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. பக்கத்து வீட்டில் இருப்பதால் இருவரையும் எனக்கு நன்றாகத் தெரியும்.

கணவர் பிழைத்தது அக்கம்பக்கத்துக் கடைகளால்தான். மூக்குக் கண்ணாடிக் கடையில் முகம் பார்க்கும் கண்ணாடி கடைக்கோடியில் மாட்டியிருந்தது. புதுக் கண்ணாடியைப் போட்டுப் பார்க்க வந்தவர்கள் எல்லாம் தரை மேடா பள்ளமா என்று தெரியாமல் தடவித் தடவி அந்தக் கோடிக்குப் போனார்கள். அக்கா அதைக் கழற்றி வாசலுக்குப் பக்கத்தில் மாட்டச் சொன்னார். நகலெடுக்கும் கடைக்காரர் காகிதக் கட்டுகளைப் பரண்மேல் வைத்துவிட்டு நாளுக்குப் பதினொரு தடவை ஏணி ஏறிக்கொண்டிருந்தார். கட்டுகள் மேசைக்கு அடியில் வந்து சேர்ந்தன. வேலை சுருக்கமாக முடிகிறது, ஆனால் தொப்பை விழுந்துவிட்டது என்று அவர் இன்றைக்கும் குறைப்பட்டுக்கொள்கிறார்.

அக்காவின் ஆயுதம் ஒரு துண்டு சாக்பீஸ். நடக்கிற வழியில் எது குறுக்கே நிற்கிறதோ அதன் காலடியில் குனிந்து ஒரு பெருக்கல் குறி போடுவார். பேச்சு எதுவும் கிடையாது. குறி போட்டால் அந்தப் பொருள் மறுநாளுக்குள் இடத்தைக் காலி செய்ய வேண்டும் என்று அர்த்தம். பெட்டி, பீரோ, செடித்தொட்டி, முதலாளியின் மேசை எதற்கும் விதிவிலக்கு இல்லை. போட்ட குறியை அவர் அழித்து நான் பார்த்ததில்லை.

இத்தனை கடைகளைச் சீராக்கியவரைச் சொந்தத் தங்கை மட்டும் எட்டு வருடமாகத் தன் சலவைக்கடைப் பக்கம் அண்டவிடவில்லை. காரணம் ஓர் அடுக்களை. தங்கை கால் முறிந்து மருத்துவமனையில் கிடந்த பத்து நாளில் அக்கா அவள் சமையலறையை அடியோடு மாற்றி அமைத்துவிட்டார். ஊன்றுகோலோடு வீடு திரும்பிய தங்கைக்கு உப்பு எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. “என் வீட்டுல என்னையே விருந்தாளி ஆக்கிட்டியேக்கா” என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டாள். அக்காவுக்குச் சுருக்கென்றது. இரண்டு வருடம் பேச்சில்லை. கடைசியில் தங்கைதான் இறங்கி வந்தாள். ஒருநாள் அக்கா வீட்டுத் திரைச்சீலைகளைக் கேட்காமலே கழற்றிக்கொண்டு போய், துவைத்து, இஸ்திரி போட்டு, தானே கொண்டுவந்து மாட்டினாள். அடுக்களைப் பேச்சை அதற்குப் பிறகு இருவருமே எடுத்ததில்லை.

இப்போது அவளே கூப்பிட்டதற்கு ஒரு விடுதி காரணம். அங்கிருந்து தினமும் அறுபது படுக்கை விரிப்புகள் காலை ஏழு மணிக்கு வரும். துவைத்து, உலர்த்தி, தேய்த்து, மடித்துப் பன்னிரண்டு மணிக்குள் அனுப்ப வேண்டும். ஒரு மணிக்குப் புது விருந்தினர்கள் வந்துவிடுவார்கள். மூன்று வாரமாகப் பன்னிரண்டேமுக்காலுக்குக் குறைந்து வண்டி கிளம்பவில்லை. இந்தச் சனிக்கிழமையோடு பார்ப்போம், அன்றைக்கும் தாமதமானால் வேறு இடம் தேடிக்கொள்கிறோம் என்று விடுதி மேலாளர் சொல்லிவிட்டார். கடையின் பாதி வேலை அந்த விடுதியுடையது. அது போனால் இஸ்திரிக்காரர், துணி மடிக்கும் அம்மா இருவரில் ஒருவரை நிறுத்தியாக வேண்டும். இருவருக்கும் அது தெரியும். அந்த வாரம் முழுக்க அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் சரியாகப் பார்த்துக்கொள்ளவில்லை.

திங்கள்கிழமை காலை அக்கா தன் வீட்டு மடக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு கடைக்குள் நுழைந்தார். ஒரு பத்திரிகைக்கு அவரைப் பற்றி எழுத வேண்டியிருந்ததால் நானும் பின்னாலேயே போனேன். கடை நீளமானது, அகலம் போதாது. பின்கோடியில் துவைக்கும் இயந்திரங்கள், நடுவில் இஸ்திரி மேசை, வாசலோரம் மடிக்கும் மேசை. “எல்லாம் தெரியுற இடமா உக்காரணும்” என்று அக்கா நட்டநடுவில் நாற்காலியை விரித்தார். எனக்குப் பக்கத்திலேயே ஒரு முக்காலி கிடைத்தது.

அவருடைய நோட்டில் நான்கு கட்டங்கள்: யார், எத்தனை அடி, எத்தனை நிமிடம் நின்றார், ஏன் நின்றார். அந்தக் கடைசிக் கட்டம்தான் அவருக்கு உயிர். “நடக்குறதை யார் வேணா அளக்கலாம். ஏன் நின்னாங்கன்னு எழுதணும். அங்கதான் சூட்சுமம் இருக்கு” என்பார். எதையும் ஊகித்து எழுத மாட்டார். வாயால் கேட்டுத்தான் எழுதுவார். அந்தக் கூடை ஏன் அங்கே இருக்கிறது? யார் வைத்தது? எப்போது வைத்தது? வைக்காவிட்டால் என்ன ஆகும்?

இஸ்திரிக்காரரிடம் கேட்பதில் ஒரு சிக்கல் இருந்தது. அவர் லேசில் வாய் திறக்கிற ஆள் இல்லை. திறந்தால் ஆதியிலிருந்துதான் ஆரம்பிப்பார். தண்ணீர் தெளிக்கும் புட்டி ஏன் இடது பக்கம் இருக்கிறது என்ற கேள்விக்கு அவர் முதன்முதலில் வேலை கற்றுக்கொண்ட கடை, அங்கிருந்த முதலாளி, அந்த முதலாளியின் தோள்வலி எல்லாம் வந்தன. அக்கா ஒன்று விடாமல் கேட்டுக்கொண்டார். அக்கா கேள்வியை நிறுத்துகிற இடத்தில் நான் ஆரம்பித்தேன். அக்காவைப் பற்றி நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டேன். அதற்கும் அவர் ஆதியிலிருந்து தொடங்கினார்.

செவ்வாய்க்கிழமை குறிகள் விழுந்தன. காலிக் கூடைகளின் அடுக்கு, துணிமாட்டும் கம்பி, ஐந்து வருடமாக அலமாரியாக உழைத்துவந்த பழுதான இயந்திரம் ஒன்று. புதன்கிழமை எல்லாம் அகன்றன. மடிக்கும் மேசையை இஸ்திரி மேசைக்கு நெருக்கி, குறுக்காகத் திருப்பிப் போட்டார்கள். பத்தொன்பது அடி ஆறாகக் குறைந்தது. மடிக்கும் அம்மாவே அசந்து போனார். “கையை நீட்டுனா துணி வந்துடுதே!” என்று இரண்டு தடவை நீட்டிப் பார்த்தார். பதினொன்றரைக்கு வண்டி கிளம்பும் என்று அக்கா அறிவித்தார்.

வண்டி ஒன்று ஐந்துக்குக் கிளம்பியது.

வியாழக்கிழமை ஒன்று பத்து. அக்காவின் முகத்தில் ஈயாடவில்லை. முப்பத்தோரு வருடத்தில் அடி குறைந்து நேரம் கூடியதை அவர் கண்டதில்லையாம். வெள்ளிக்கிழமை கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். போதாததற்குக் கேள்விகளை இரண்டு மடங்காக்கினார். அன்று ஒன்று இருபது. விடுதியிலிருந்து தொலைபேசி வந்தது. தங்கை பின்பக்கம் போய்ப் பேசிவிட்டு வந்தாள். என்ன சொன்னார்கள் என்று யாரும் கேட்கவில்லை. மடிக்கும் அம்மா மட்டும் மடித்த விரிப்பையே பிரித்துத் திரும்ப மடித்துக்கொண்டிருந்தார்.

மாலை ஐந்து மணிக்கு அக்கா நோட்டை மடியில் விரித்து, கடைசிக் கட்டத்தைச் சத்தமாகப் படிக்க ஆரம்பித்தார். “திங்கள், எட்டே கால். இஸ்திரி நின்னது ஆறு நிமிஷம். காரணம், கேள்வி. எட்டு நாப்பது. அஞ்சு நிமிஷம். கேள்வி. ஒம்பது பத்து. எட்டு நிமிஷம். கேள்வி...” படிக்கப் படிக்கக் குரல் ஏறியது. அவர் கையெழுத்து, அவர் நோட்டு, ஐந்து நாளாக அவரே எழுதியது. “யாரு இது, வேலை நேரத்துல வந்து இப்படிக் கேள்வி கேட்டுட்டிருக்கறது?” என்று நிமிர்ந்தார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் சிரிக்கிற இடமா அது? நல்ல வேளையாக அடக்கிக்கொண்டேன்.

இஸ்திரிக்காரர் தொண்டையைச் செருமினார். “தப்பா எடுத்துக்காதீங்கக்கா. நீங்கதான். பெட்டியைத் துணி மேல வச்சுக்கிட்டே பதில் சொன்னா கருகிடும். அதனால நிறுத்திட்டுச் சொல்றேன்.” கொஞ்சம் யோசித்துவிட்டு, “அப்புறம் இந்த சாரும் கேட்டாரு” என்றார். அவர் ஆதியிலிருந்து தொடங்காத ஒரே பதில் அதுதான்.

அக்கா தங்கை பக்கம் திரும்பினார். “உனக்குத் தெரியுமாடி?”

“செவ்வாய்க்கிழமையே தெரியும்.”

“தெரிஞ்சும் ஏன் வாயைத் திறக்கல?”

தங்கை ஈரக் கையைத் துணியில் துடைத்தாள். துடைத்து முடித்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தாள். “அடுக்களை விஷயத்துல வாயைத் திறந்துட்டு ரெண்டு வருஷம் நான் பட்டது போதும்க்கா. இந்த விடுதி போனா இன்னொரு விடுதியைத் தேடிப் புடிச்சுக்கலாம். நீ கோவிச்சுட்டுப் போனா நான் எங்க போய்த் தேடுவேன்?”

அக்கா கோபித்துக்கொள்வார் என்றுதான் நானும் நினைத்தேன். அவர் எழுந்து நின்றார். பையில் கைவிட்டு சாக்பீஸை எடுத்தார். குனிந்து, தன்னுடைய மடக்கு நாற்காலியின் காலடியில் ஒரு பெருக்கல் குறி போட்டார். வழக்கத்தைவிட அழுத்திப் போட்டதில் சாக்பீஸ் ஒடிந்தது. மிச்சத் துண்டோடு என் பக்கம் திரும்பினார். நான் மரியாதையாகக் காலைத் தூக்கிக்கொண்டேன். முக்காலிக்கு அடியிலும் ஒன்று விழுந்தது.

சனிக்கிழமை காலை நானும் அக்காவும் கடைக்கு வெளியே, நடைபாதையில், இரண்டு கூடைகளைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தோம். நாற்காலிகூட வேண்டாம் என்றுவிட்டார். அது கடைக்குள் சுவரோரம் மடங்கிக் கிடந்தது. கண்ணாடிக் கதவு வழியே உள்ளே நடப்பது எல்லாம் தெரிந்தது. கேட்கத்தான் கூடாது. ஒரு மனுஷி கேள்வி கேட்காமல் இருப்பதற்கு இவ்வளவு பாடுபடுவதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. இரண்டு முறை எழுந்தார், இரண்டு முறையும் தானே உட்கார்ந்தார். கேட்க நினைத்ததை எல்லாம் நோட்டில் எழுதினார். பத்து மணிக்குள் பதினேழு கேள்விகள் சேர்ந்தன. பதினெட்டாவதை என்னிடம் கேட்டார்: “அவ காலைல ஏதாவது சாப்பிட்டாளா?”

பதினொன்று முப்பத்தெட்டுக்கு அறுபதாவது விரிப்பு மடிந்து கட்டோடு சேர்ந்தது. தங்கையே கட்டுகளைத் தூக்கி வண்டியில் வைத்தாள். பதினொன்று நாற்பத்தாறுக்கு வண்டி தெருமுனை திரும்பியது. இஸ்திரிக்காரரும் மடிக்கும் அம்மாவும் வாசலுக்கு வந்து, வண்டி போன திசையை விட்டுவிட்டு, அந்த வாரத்தில் முதல் தடவையாக ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அக்கா கடிகாரத்தைப் பார்த்தார், நேரத்தைக் குறித்தார். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கண்ணோரம் சாக்பீஸ் பொடி ஒட்டிக்கொண்டது.

தங்கை உள்ளே போனாள். சுவரோரம் கிடந்த மடக்கு நாற்காலியை எடுத்து, விரித்து, கடையின் நட்டநடுவில், அந்தப் பெருக்கல் குறியின் மேலேயே போட்டாள். “வேலை முடிஞ்சாச்சுக்கா. உள்ள வந்து உக்காரு” என்று வாசலைப் பார்த்துக் கூப்பிட்டாள்.

அக்கா உள்ளே போனார். நாற்காலியைப் பார்த்தார், தங்கையைப் பார்த்தார். பிறகு நாற்காலியை ஒரு சாண் சுவர்ப் பக்கம் தள்ளிப் போட்டுவிட்டு உட்கார்ந்தார்.