மோட்டாருக்குப் போன் போட்டவள்

பானுப்ரியா எலக்ட்ரானிக்ஸில் இன்ஜினியரிங் படித்தவள். கடைசி வருஷத்து அரியர் இரண்டையும் எழுதித் தேறுவதற்குள் திண்டிவனம் பக்கம் பிரம்மதேசம் கிராமத்தில் வல்லரசு என்பவனுக்கு அவளைக் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். அதன்பிறகு பதினாறு வருஷம் அந்தப் படிப்பைப் பற்றி வீட்டில் பேச்சு எழுந்தது, யார் வீட்டு மிக்சியாவது ரிப்பேரானபோது மட்டும்தான். "இன்ஜினியரம்மா வீட்டுலயே இருக்கும்போது கடைக்கு எதுக்குத் தூக்கினு போவணும்?" என்று வல்லரசு சிரிப்பான். கூட இருப்பவர்களும் சிரிப்பார்கள்.

வல்லரசுக்குத் திண்டிவனத்தில் டிராக்டர் ஷோரூமில் வேலை. கழனியைப் பார்த்துக்கொண்டவள் பானுதான். மும்முனை கரண்டு வரும் நேரம் பார்த்து வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டர் நடந்து போய் மோட்டாரைப் போடுவாள். போட்ட அரை மணியில் கரண்டு நின்றுவிட்டால் மறுபடி போவாள். ஒருநாள் மல்லாட்டைப் பயிருக்குத் தண்ணீர் கட்டும்போது நான்கு தடவை நடந்தாள். அன்றைக்குத்தான், போன் போட்டால் மோட்டார் ஓடுகிற பெட்டியைத் தானே செய்துவிடலாமே என்று அவளுக்குத் தோன்றியது. கடையில் ரெடிமேடாகக் கிடைக்கிறது என்பது அவளுக்குத் தெரியாததல்ல. ஆனால் அது அவளுக்கு வேண்டியிருக்கவில்லை.

விழுப்புரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் எலக்ட்ரானிக்ஸ் சாமான் விற்கும் கடையில் ஜெசி என்ற பெண் இருந்தாள். புரோகிராம் ஏற்றுகிற மைக்ரோகண்ட்ரோலர் போர்டு, சுவிட்சுபோல வேலை செய்யும் ரிலே, சிம் போடுகிற சின்ன போர்டு எல்லாம் அவளிடம் வாங்கி வந்தாள் பானு. மகனின் பழைய லேப்டாப்பில் சொருகினால் போர்டில் விளக்கு எரிந்தது, ஆனால் லேப்டாப் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. மூன்று நாள் எதையெதையோ இறக்கிப் பார்த்தாள். படித்ததெல்லாம் போய்விட்டது என்று தன்னையே திட்டிக்கொண்டாள். கடைசியில் ஜெசிக்குப் போன் போட்டாள்.

"அக்கா, இன்னா கேபிள் போட்டுக்கினு இருக்கீங்க?"

"போன் சார்ஜர் கேபிள்தான்."

"அதான் பேஜாரு. சில கேபிள்ல கரண்டு மட்டுந்தான் போவும், டேட்டா போவாது. வேற மாத்திப் பாருங்க."

மாற்றியதும் புரோகிராம் போர்டில் ஏறியது. விளக்கு ஒரு நொடி எரிந்து ஒரு நொடி அணைந்தது. பானு அடுப்பில் வைத்த பாலை மறந்து அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அடுத்த சிக்கல் சிம் போர்டு. போன் அடித்த உடனே மொத்தமும் செத்துப்போய் முதலிலிருந்து தொடங்கும். புரோகிராமில்தான் தப்பு என்று வரி வரியாகத் தேடினாள். ஒரு வாரம் கழித்துத்தான் மீட்டரை எடுத்து வோல்டேஜ் பார்த்தாள். போன் அடிக்கிற நொடியில் அது படுத்துவிட்டது. சிம் போர்டு இழுக்கிற கரண்டை மைக்ரோகண்ட்ரோலர் போர்டால் கொடுக்க முடியவில்லை. தனி சப்ளை கொடுத்தாள். இப்போது இரண்டு போர்டும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளவே இல்லை. ஜெசிதான் மறுபடி கேட்டாள்: "ரெண்டு சப்ளையோட கிரவுண்டையும் சேர்த்தீங்களா?" சேர்க்கவில்லை. இரண்டாம் வருஷப் பரீட்சையில் பானு பக்கம் பக்கமாக எழுதிய விஷயம் அது.

வீட்டில் பத்துத் தடவைக்குப் பத்துத் தடவையும் சரியாக வேலை செய்தது. மோட்டார் கொட்டாயில் மாட்டினால், ஸ்டார்ட்டர் 'டக்'கென்று பிடித்த மறுகணமே போர்டு அணைந்து எழுந்தது. ஒவ்வொரு தடவையும் பியூஸ் கட்டைகளைப் பிடுங்கி வைத்துவிட்டு ஒவ்வொரு ஒயராகக் கழற்றிச் சோதித்தாள். ஸ்டார்ட்டர் காயிலைக் கழற்றினால் போர்டு ஒழுங்காக ஓடுகிறது, மாட்டினால் விழுகிறது. காயிலிலிருந்து திரும்பி உதைக்கிற கரண்டுதான் போர்டைத் தாக்குகிறது என்று புரிந்துகொள்ள அவளுக்குப் பதினொரு நாள் பிடித்தது. காயிலின் இரு முனைக்கும் குறுக்கே ஒரு ரெசிஸ்டரும் கெபாசிட்டரும் வைத்தாள். போர்டைத் தள்ளி வேறு தகரப் பெட்டியில் வைத்தாள். பக்கத்துக் கழனி மலர்விழியை வாய்க்கால் ஓரம் நிற்கச் சொல்லிவிட்டு, வரப்பில் உட்கார்ந்து போன் போட்டாள்.

"வந்துச்சுடி தண்ணி!" என்று மலர்விழி கத்தினாள்.

வல்லரசு அன்று சாயந்திரம் அவள் போனிலிருந்து நாலைந்து தடவை போட்டு நிறுத்திப் பார்த்தான். முகத்தில் சந்தோஷம்தான். பிறகு கேட்டான்: "என் போன்லேந்து போட்டா எடுக்கலையே?"

"நம்பர் உள்ள எழுதியிருக்கணுங்க. இப்போ என்னோடது மட்டுந்தான் இருக்குது. உங்களோடதையும் சேர்த்துடறேன்."

"ரெண்டு பேரும் மாத்தி மாத்திப் போட்டா மோட்டார் புகைஞ்சிடும். கரண்டு சர்வீஸ் எங்க பேருல இருக்குது. என் நம்பர் மட்டும் இருக்கட்டும். உள்ள இருக்கிற சிம்மும் என் பேருலயே வாங்கிடறேன்."

மறுத்திருக்கலாம். அந்த நேரத்தில் சண்டை வேண்டாம் என்று நினைத்தாள். தன் நம்பரை அழித்து அவன் நம்பரை எழுதியது அவள் கைதான்.

அதன்பின் திண்டிவனத்தில் உட்கார்ந்தபடியே வல்லரசு மோட்டாரைப் போட்டான், நிறுத்தினான். பானு கழனிப் பக்கம் கிளம்பினால், "எதுக்கு வெயில்ல? அதான் நான் போட்டுட்டேனே" என்றான். விழுப்புரம் போக வேண்டும் என்றால், "வேலைதான் முடிஞ்சுதே" என்றான். மலர்விழியைப் பார்ப்பதுகூட வாரத்துக்கு ஒருமுறை என்றானது. கிளியனூரில் ஒரு காதுகுத்தில், "போன்ல மோட்டார் போடறதை நான்தான் யோசிச்சு ஏற்பாடு பண்ணேன்" என்று அவன் சொல்லிக்கொண்டிருந்தது பந்தியில் பரிமாறிக்கொண்டிருந்த அவள் காதில் விழுந்தது. சாம்பார் வாளியோடு அடுத்த இலைக்கு நகர்ந்தாள்.

ஆறு மாதம் ஓடியது. சித்திரையில் ஒருநாள் மலர்விழி வீட்டுக்கே வந்தாள். "உங்க கொட்டாயில பெரியதம்பி இன்னாத்தையோ பிடுங்கிக்கினு இருக்கான், உனக்குத் தெரியுமா?"

பெரியதம்பி திண்டிவனத்து மோட்டார் மெக்கானிக். பானு ஓடினாள். வல்லரசு அங்கே நின்றிருந்தான். அவளுடைய பெட்டி ஒயர் அறுபட்டுத் தரையில் கிடந்தது. சுவரில் கடையில் வாங்கிய புதுப் பெட்டி.

"காலைலேந்து அடிக்கிறேன், எடுக்கவே மாட்டேங்குது. பயிரு காயுது. உன் விளையாட்டெல்லாம் இதோட போதும்" என்றான்.

அவள் தன் போனிலிருந்து அந்தப் பெட்டியின் நம்பருக்கு அடித்தாள். இந்த எண்ணின் சேவை நிறுத்தப்பட்டிருக்கிறது என்று ஒரு பெண் குரல் சொன்னது. போனை ஸ்பீக்கரில் போட்டு அவன் பக்கம் நீட்டினாள்.

"ரீசார்ஜ் பண்ணலைங்க. சிம்மு உங்க பேருல இருக்குது. பெட்டில ஒன்னுமே கெடல."

பெரியதம்பி ஸ்க்ரூடிரைவரைத் துடைக்கிற சாக்கில் திரும்பிக்கொண்டான். வல்லரசு கீழே கிடந்த பெட்டியைக் காலால் ஓரம் தள்ளினான். பிறகு, "சரி விடு, அதான் புதுசு மாட்டியாச்சே" என்றான். புதுப் பெட்டியில் ஐந்து நம்பர் சேர்க்கலாம் என்று பெரியதம்பி சொன்னான். வல்லரசு தன் நம்பரையும் தன் கூடப் பிறந்த தம்பியின் நம்பரையும் கொடுத்தான். வேறு யாராவது என்று பெரியதம்பி பானுவைப் பார்த்தான். "போதும்பா, ஜல்தி முடி" என்றான் வல்லரசு.

ஆடியில் ஜெசி போன் செய்தாள். "அக்கா, திருவக்கரைலேந்து ஒரு பொண்ணு வந்துருக்குது. ஸ்டார்ட்டர் பிடிச்ச உடனே போர்டு ரீசெட் ஆவுதாம். நீங்கதானே இதைக் கண்டுபிடிச்சீங்க? பேசறீங்களா?"

வல்லரசு சாப்பிட்டுக்கொண்டிருந்தான். "யாரு போன்ல?" என்றான்.

பானு கையிலிருந்த குழம்புக் கரண்டியைப் பார்த்தாள்.

"எனக்கு அதெல்லாம் ஞாபகம் இல்ல ஜெசி" என்று அடுப்பு பக்கம் திரும்பி மெல்லச் சொல்லிவிட்டு வைத்தாள். காயிலுக்குக் குறுக்கே வைத்த ரெசிஸ்டரின் கலர் கோடுகள் நான்கும் வரிசையாக அவள் கண் முன்னே தெரிந்தன. மறுசோறு போடும்போது வல்லரசு மறுபடி கேட்டான். ராங் நம்பர் என்றாள்.