அம்மா சிங்களம் படித்த வருடம்

மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் என்னைவிட முக்கியமான ஆள் கிடையாது என்று பத்து வயதில் நான் நம்பிக்கொண்டிருந்தேன். ரோட்டோரச் சிங்களக் கடைக்காரரின் மகளோடு விளையாடியே எனக்குச் சிங்களம் வந்துவிட்டிருந்தது. அப்பாவுக்குக் கொழும்பில் கடை வேலை, பண்டிகைக்குத்தான் வருவார். அதனால் ஹட்டன் டவுனுக்குப் போனால் அம்மாவுக்காகப் பேசுவது நான்தான். பேங்கிலும் ஆஸ்பத்திரியிலும் அம்மா என் காதுக்குள் சொல்வாள். நான் நிமிர்ந்து நின்று சிங்களத்தில் சொல்வேன். பெரியவர்கள் என் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்வார்கள். அதில் எனக்கு அப்படி ஒரு பெருமை.

அந்த வருடம் தோட்டத்துப் பெண்களுக்கு ஒரு கூட்டம் நடந்தது, அம்மாவோடு நானும் போயிருந்தேன். டவுனிலிருந்து வந்த டீச்சர் ஒருவர், ஒவ்வொருவரும் ஓர் இலக்கு வைத்துக்கொள்ள வேண்டும், அது பிள்ளைகளுக்காகவோ வீட்டுக்காகவோ இல்லாமல் தனக்கே தனக்கென்று இருக்க வேண்டும் என்றார். முதலில் ஒருவர் தையல் பழகப்போவதாகச் சொன்னார். வெற்றிலையை விடப்போவதாக அறிவித்த என் சித்தி, அதை அறிவிப்பதற்காகவே வெளியே போய் வாயிலிருந்ததைத் துப்பிவிட்டு வந்தாள்.

அம்மா எழுந்தாள். "தீவாளிக்குள்ள யாரு தொணையும் இல்லாம நான் சிங்களம் பேசணுங்க."

"எதுக்குக்கா? தொரைகூட சண்ட போடவா?" என்றாள் சித்தி. கூட்டமே சிரித்தது. எல்லோரையும்விட உரக்கச் சிரித்தது நான்.

ஆனால் அம்மா விடவில்லை. அன்றிலிருந்து ரொட்டிக்கு மாவு பிசையும்போது என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, "இதுக்கு என்ன சொல்லுவாங்க, அதுக்கு என்ன சொல்லுவாங்க" என்று துளைத்தெடுத்தாள். மலையில் கொழுந்து எடுக்கும்போதும் அவள் உதடு அசைந்துகொண்டே இருந்ததாம். கங்காணி, "என்னம்மா, விரதமா?" என்று கேட்டிருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் லயத்துக்கு மோட்டார் சைக்கிளில் மீன் கொண்டுவரும் சிங்களவர் ஒருவர் இருந்தார். நன்றாகப் பார்த்துக் கொடுங்கள் என்பதற்கு 'ஹொந்தட்ட பலலா தென்ன' என்று நான் சொல்லிக்கொடுத்திருந்தேன். அம்மா முந்தானையைச் சரிசெய்துகொண்டு அவர் முன்னால் போய், "ஹொந்த பல்லா தென்ன" என்றாள். நல்ல நாயாகக் கொடுங்கள் என்று அர்த்தம்.

மீன்காரர் அசரவில்லை. வாசலில் சுருண்டு கிடந்த எங்கள் லயத்து நாயைக் காட்டி, அதை வேண்டுமானால் சும்மாவே எடுத்துக்கொள்ளலாம் என்றார். நான் மொழிபெயர்த்ததும் லயமே குலுங்கியது. அம்மாவின் முகம் சிவந்துபோயிற்று. ஒரு கணம் அழுதுவிடுவாளோ என்று பயந்தேன். பிறகு அவளுக்கே சிரிப்பு வந்து, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள்.

அடுத்த ஞாயிறு அவர் வண்டிச் சத்தம் கேட்டதும் முதல் ஆளாகப் போய் நின்றவளும் அம்மாதான். இந்த முறை சரியாகச் சொன்னாள். மீன்காரர் ஒரு மீனைக் கூடுதலாகப் போட்டுவிட்டுப் போனார்.

தீபாவளி நெருங்கிய சமயம், ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். பேசத்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்துப் பள்ளிக்கூடச் சப்பாத்தை மினுக்கிப் போட்டுக்கொண்டேன். எங்கள் முறை வந்ததும் அம்மாவுக்கு முன்னால் எழுந்தேன். அவள் என் தோளை அழுத்தி உட்காரவைத்தாள்.

"நீ இங்கயே இரு பாப்பா. நானே பேசிக்கிறேன்."

"நீங்க தப்புத் தப்பா பேசுவீங்கம்மா."

"பேசுனா பேசிட்டுப் போறேன்."

கதவு சாத்தப்பட்டது. உள்ளே அம்மாவின் குரல் திக்கித் திக்கிக் கேட்டது. டாக்டரம்மா ஏதோ கேட்டார். மறுபடி அம்மாவின் குரல். ஒரு தடவைகூட என்னைக் கூப்பிடவில்லை. வெகுநேரம் கழித்து வெளியே வந்தவள், வாசலில் நின்று மூச்சை இழுத்துவிட்டாள். எனக்கு வடை வாங்கிக் கொடுத்தாள். நான் கோபத்தோடு தின்றேன்.

பிறகு அப்பா லீவு போட்டு வந்தார். அம்மாவுக்கு ஏதோ சின்ன ஆப்பரேஷன் என்றார்கள். வயிற்றுக் கோளாறு என்று சொன்னதை நம்பினேன். தீபாவளிக்கு அம்மா வீட்டில் இருந்தாள், பலகாரமெல்லாம் சித்திதான் சுட்டாள்.

எனக்குக் கல்யாணம் ஆன பிறகுதான் அம்மா சொன்னாள். மார்பில் கட்டி. முன்பு இரண்டு தடவை அதைக் காட்டுவதற்காகவே என்னோடு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறாள். டாக்டர் என்ன செய்கிறது என்று கேட்டதும் என் முகத்தைப் பார்த்திருக்கிறாள், "தலவலின்னு சொல்லு" என்றிருக்கிறாள். நானும் கணீரென்று சொல்லி, மாத்திரை வாங்கிக்கொண்டு வந்திருக்கிறேன். நல்லவேளை, அது பயப்படும்படியான கட்டியாக இருக்கவில்லை. மார்புக்குச் சிங்களத்தில் என்ன என்ற அந்தச் சொல்லை மட்டும் அவள் என்னிடம் கேட்கவேயில்லை. ரோட்டோரக் கடைக்காரரின் மனைவியிடம் தனியாகப் போய்க் கேட்டுப் படித்திருக்கிறாள்.

பத்து வயது மகளின் வாயில் அந்தச் சொல் விழக்கூடாது என்பதற்காகவே ஒருத்தி ஒரு பாஷையைப் படித்தாள் என்பது அன்றைக்கு எனக்கு எப்படித் தெரியும்? அன்று ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்த பஸ்ஸில் அம்மா கண்டக்டரிடம் தானே சிங்களத்தில் டிக்கெட் கேட்டாள். என் வேலை பறிபோன துக்கத்தில், மஸ்கெலியா வரும்வரை நான் அவளோடு பேசவில்லை.