மூன்றாவது மேசை

"மூக்கு, மிஸ்டர் சில்வேரா."

அர்மிந்தோ சில்வேரா முகக்கவசத்தை மூக்குக்கு மேலே ஏற்றிக்கொண்டார். அது அங்கே கொஞ்ச நேரம் நிற்கும். பிறகு தானாகச் சறுக்கி மேலுதட்டுக்கு வந்துவிடும். அவருடைய மூக்கு அப்படி. "எங்கப்பன் அசோர்ஸ் தீவுலேர்ந்து கொண்டு வந்த ஒரே சொத்து இதுதாம்மா. அதையும் மூடி வைக்கச் சொல்றீங்க" என்றார். மேற்பார்வையாளர் ரூபால்காவா அம்மாள் இதற்கு முன்பும் அந்த வாக்கியத்தைக் கேட்டிருந்தார். முன்பும் சிரிக்கவில்லை.

தேர்தல் அலுவலகத்தின் பின்பகுதியில் நீளமான கண்ணாடிச் சுவர். கண்ணாடிக்கு வெளியே தரையில் மஞ்சள் நாடா ஒட்டியிருந்தார்கள். பார்வையாளர்கள் அதைத் தாண்டக்கூடாது. அர்மிந்தோ நாடாவின் விளிம்பில் செருப்பு நுனி படும்படி நிற்பார். ஒரு காலைச் சற்று முன்னால் வைத்து, முழங்கையை எதன்மீதாவது ஊன்றிக்கொண்டால்தான் அவருக்கு நிற்க வரும். வாழ்நாள் முழுக்க மாட்டுப்பட்டிக் கம்பியில் ஊன்றிய முழங்கை. இங்கே கம்பி இல்லாததால் குடிதண்ணீர் ஜாடியின் தலையில் ஊன்றிக்கொண்டார். ஜாடி அவ்வப்போது களுக்கென்று ஏப்பம் விடும். "ஆகட்டும், ஆகட்டும்" என்று அதன் முதுகைத் தட்டுவார்.

கண்ணாடிக்கு உள்ளே நான்கு மேசைகள். தபாலில் வந்த வாக்கு உறைகளைத் தட்டுத் தட்டாகக் கொண்டுவந்து வைப்பார்கள். ஓர் உறையை எடுத்து அதன் பட்டைக்கோடுகளைக் கருவியில் காட்டினால், அந்த வாக்காளர் முன்பு போட்டுவைத்த கையெழுத்து திரையில் வரும். உறைமேல் இருக்கிற கையெழுத்து அதோடு ஒத்துப்போனால் பச்சைத் தட்டு. இல்லையென்றால் சிவப்புத் தட்டு. பார்வையாளர்களுக்கும் தெரியட்டும் என்று திரைகளைக் கண்ணாடிப் பக்கமாகத் திருப்பி வைத்திருந்தார்கள்.

மூன்றாவது மேசையில் உட்கார்ந்திருந்தவள் அவருடைய மகள் ஒடீலியா.

பார்வையாளர் பணியாளரோடு பேசக்கூடாது, கையசைக்கக்கூடாது. பணியாளர் பார்வையாளரை ஏறிட்டுப் பார்க்கக்கூடாது. சந்தேகம் எதுவானாலும் ரூபால்காவா அம்மாளிடம் கேட்கலாம், அவர் பதில் சொல்லியாக வேண்டும். கதவிலேயே இவ்வளவையும் எழுதி ஒட்டியிருந்தார்கள்.

கவர்னரை ஆட்சிக்காலத்தின் நடுவிலேயே இறக்கிவிடலாமா வேண்டாமா என்பதுதான் தேர்தல். இறக்க வேண்டும் என்பதில் அர்மிந்தோவுக்குச் சந்தேகம் இல்லை. வாய்க்காலில் தண்ணீரை நிறுத்திய ஆளுக்கு மாளிகையில் என்ன வேலை என்பது அவர் கட்சி. டோனட் கடையில் காலையில் கூடுகிற எல்லோருக்கும் அதுதான் கட்சி. அவர்களுடைய பயம் வேறு. கேட்காமலே வீட்டுக்கு வீடு வாக்குச்சீட்டைத் தபாலில் அனுப்பியிருக்கிறார்கள். "கேக்காம வர்ற தபால்ல எப்பவாச்சும் நல்லது வந்திருக்கா? வரி வரும், வக்கீல் நோட்டீஸ் வரும்" என்பார் டிராக்டர் பழுது பார்க்கும் வெர்ன் டாக்கெட். பக்கத்துக் கவுண்டியில், அதாவது பக்கத்து மாவட்டத்தில், வாக்கு உறைகள் வாய்க்காலில் மிதந்தன என்று ஒரு கதை உலவியது. எந்த வாய்க்கால் என்று யாருக்கும் தெரியவில்லை. தண்ணீரே இல்லாத வாய்க்காலில் எப்படி மிதக்கும் என்று அர்மிந்தோ ஒருமுறை கேட்டார். யாரோ இன்னொரு காபி வாங்கினார்கள்.

அவர் அவநம்பிக்கை கதை கேட்டு வந்ததல்ல. பால்பண்ணை நடத்திய காலத்தில், லாரிக்காரன் தொட்டியில் எடுக்கும் அளவை நம்பாமல் தனக்கென்று ஓர் அளவுகோல் வைத்திருந்தவர். வங்கி அட்டையை நம்பமாட்டார். மாடு கன்று போட்டுவிட்டது என்று போனில் சொன்னால் போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் தலையாட்டுவார். "கண்ணுக்கு முன்னாடி நடக்காத எதுவும் பாதிதான் நடந்திருக்கு" என்பார்.

மனைவி டியோலிந்தா ஜூலையில் இறந்தாள். அது அவர் கண்ணுக்கு முன்னால்தான் நடந்தது.

ஆகஸ்டில் வீட்டு வாசல் தபால் பெட்டியைத் திறந்தபோது உள்ளே இரண்டு வாக்கு உறைகள் இருந்தன. ஒன்று அவர் பெயருக்கு. இன்னொன்று அவள் பெயருக்கு. பாதாம் தோப்புகளில் காய் உதிர்க்க மரங்களை உலுக்கும் காலம். சாலை முழுக்கப் புழுதி. புழுதியில் நின்றபடி அவள் பெயரைப் படித்தார். முதலில் அவருக்குக் கோபமே வரவில்லை. அவள் வீட்டில்தான் இருக்கிறாள் என்று எங்கோ யாரோ நினைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று தோன்றியது. அந்த யாரோவின் மேல் ஒரு பிரியம்கூட வந்தது. உறையைச் சமையலறை மேசையில் அவள் உட்காரும் பக்கமாக வைத்தார்.

அதற்கு என்ன அர்த்தம் என்று சொன்னவர் வெர்ன். "டேய் மிண்டோ, செத்தவங்களுக்கு ஓட்டு அனுப்புறான்டா! இதுதான்டா அத்தாட்சி! இதை வச்சுக்கிட்டு சும்மா இருக்கியே!" அடுத்த கவுண்டிக் கூட்டத்தில் அர்மிந்தோவை மைக் முன்னால் நிறுத்தினார்கள். அவர் உறையைத் தலைக்கு மேல் தூக்கி ஆட்டினார். கை தட்டினார்கள். யாரோ படம் பிடித்தார்கள். வாக்காளர் பட்டியல் அச்சுக்குப் போனது அவள் உயிரோடு இருந்தபோது என்பதையும், அந்த உறை எண்ணிக்கைக்கு வந்தாலும் கையெழுத்தில் நின்றுவிடும் என்பதையும் யாரும் கேட்கவில்லை. அந்த வாரம் முழுக்கத் தேர்தல் அலுவலகத்துக்குப் போன் போட்டுத் திட்டினார்கள். அந்தப் போன்களை எடுத்தவர்களில் ஒடீலியாவும் ஒருத்தி.

அந்த வாரத்தில் ஓர் இரவு அவள் அப்பாவைப் போனில் கூப்பிட்டாள். "அம்மா பேரை ஊருக்கு முன்னாடி ஆட்டிக் காட்டிட்டீங்கப்பா" என்றாள். "பேரை இல்லம்மா, கவரை" என்றார் இவர். அவள் போனை வைத்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் லிங்விசா தொத்திறைச்சியும் இனிப்பு ரொட்டியும் எடுத்துக்கொண்டு வருகிறவள் பிறகு வரவில்லை. இவர் போன் போட்டால் எடுப்பதில்லை.

தபால் வாக்கைக் கண்காணிக்க யார் போகிறீர்கள் என்று டோனட் கடையில் கேட்டபோது, வெர்ன் வாக்கியத்தை முடிப்பதற்குள் அர்மிந்தோ கையைத் தூக்கினார்.

முதல் நாள் கேட்ட கேள்விகள் கண்காணிக்கிறவர் கேட்கக்கூடியவைதான்.

"கவரைப் பிரிக்காமலே உள்ளே யாருக்கு ஓட்டுன்னு கண்டுபிடிக்க முடியுமா?"

"முடியாது" என்றார் ரூபால்காவா அம்மாள்.

"விளக்குல பிடிச்சுப் பாத்தா?"

"விளக்குல பிடிச்சா வேலை போயிடும்."

இரண்டாம் நாள் கேள்வி வேறு திசையில் போனது.

"மூணாவது மேசைக்கு நேர் மேல ஏசி காத்து இறங்குதே, அது எதுக்கும்மா?"

அந்த அம்மாள் நிமிர்ந்து கூரையைப் பார்த்தார். "கட்டடம் கட்டினப்பவே அப்படித்தான்."

"அங்க உக்காந்தா கழுத்து பிடிச்சுக்கும். கழுத்து பிடிச்சவங்க கையெழுத்தை எப்படிச் சரியாப் பாப்பாங்க? தேர்தலுக்காகத்தான் கேக்கறேன்."

"தேர்தலுக்காக."

"ஆமா. பின்னே?"

மறுநாள் அந்தக் காற்றுத் துவாரத்தின் மேல் ஓர் அட்டையை ஒட்டியிருந்தார்கள். அர்மிந்தோ அதை நீண்ட நேரம் பார்த்தார். அதன் பிறகு கேள்விகள் வரிசையாக வந்தன. சாப்பிட நேரம் கொடுக்கிறீர்களா? கொடுக்கிறோம். மூணாவது மேசை நேற்று எழுந்திருக்கவே இல்லையே? எழுந்தார்கள், நீங்கள் அப்போது கழிப்பறையில் இருந்தீர்கள். இதற்குப் பிறகு அவர் ஜாடித் தண்ணீரைக் குடிப்பதைக் குறைத்துக்கொண்டார்.

ஒரு நாள், "மேசையில கைக்கடிகாரம் கட்டிக்கிட்டு வேலை செய்யலாமா?" என்று கேட்டார்.

"செய்யலாமே."

"மூணாவது மேசையில கையைவிடப் பெரிசா ஒண்ணு இருக்கு, அதான் கேட்டேன்."

"அவங்க அம்மாவோடதாம்" என்றார் ரூபால்காவா அம்மாள். கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை. அந்தக் கடிகாரத்தை அர்மிந்தோ பல வாரங்களாக வீட்டு இழுப்பறைகளில் தேடிக்கொண்டிருந்தார். முகக்கவசம் சறுக்கி இறங்கியது. அந்த அம்மாள் அப்போது மூக்கைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை வெர்ன் வந்தார். வந்து நின்ற கொஞ்ச நேரத்திலேயே ஒடீலியா ஓர் உறையைச் சிவப்புத் தட்டில் போட்டாள்.

"பாத்தியா! ஒதுக்கறா பாரு! கண்ணு முன்னாடியே ஒதுக்கறா!"

"சத்தம் வேண்டாம், சார்" என்றார் ரூபால்காவா அம்மாள். வெர்ன் அர்மிந்தோவின் சட்டைக் கையைப் பிடித்து வாகன நிறுத்தத்துக்கு இழுத்துக்கொண்டு போனார். மலைப்பக்கம் காட்டுத்தீ எரிந்துகொண்டிருந்தது. சூரியன் செப்புக்காசு மாதிரி இருந்தது.

"நாளைக்கு நம்ம ஆளுங்க எல்லாரும் வர்றாங்க. ரேடியோக்காரனும் வர்றான். மூணாவது மேசையில ஓட்டை ஒதுக்குறாங்கன்னு நீ சொல்லு. உன் வாயால வந்தாதான் எடுபடும்."

"அது கையெழுத்து சேராத கவர்டா. ஆளைக் கூப்பிட்டு விசாரிப்பாங்க. வந்து மறுபடி கையெழுத்து போட்டா எண்ணிடுவாங்க."

"யார் சொன்னது?"

"கேட்டேன்."

"அவங்க சொன்னா நம்பிடுவியா? பால் லாரிக்காரனையே நம்பாதவன் நீ!"

"இப்பவும் நம்பல" என்றார் அர்மிந்தோ. "ரோட்டுல ஓட்டுக் கவர் போடுற பெட்டியை நம்பல. அதைத் தூக்கிட்டு வர்ற வண்டியை நம்பல. அச்சடிச்சவனை நம்பல. எண்ணுற மிஷினை நம்பவே இல்ல. ஆனா அந்த மேசையில, அவ ரெண்டு கைக்கும் நடுவுல கொஞ்சம் இடம் இருக்கு பாரு. அங்க ஒரு தப்பும் நடக்காது."

"உம் பொண்ணுங்கறதால சொல்ற."

"ஆமா. அவளை வளத்தது என் கண்ணுக்கு முன்னாடி நடந்தது."

வெர்ன் கெட்டவரல்ல. டியோலிந்தாவின் சவப்பெட்டியைத் தூக்கிய ஆறு பேரில் ஒருவர். அவருடைய குரல் இறங்கியது. "அவ உன்னைத் திரும்பிக்கூடப் பாக்கலடா மிண்டோ. நானும் பாத்துக்கிட்டுதானே நின்னேன்."

"பாக்கக்கூடாதுன்னு சட்டம்."

"சட்டமா, கோவமா?"

ரூபால்காவா அம்மாளிடம் அர்மிந்தோ எத்தனையோ கேட்டிருந்தார். இந்த ஒன்றைத்தான் கேட்க முடியவில்லை. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று இத்தனை நாளும் அவர் கண்காணித்துக்கொண்டிருந்தது இதைத்தான்.

சனிக்கிழமை ரேடியோக்காரன் வந்து கேட்டபோது, "நான் பாத்த வரைக்கும் சரியாப் பண்றாங்க" என்றார். மைக் அவர் முகத்தைவிட்டு உடனே விலகிப் போனது.

டோனட் கடைக்காரர்கள் ஒரு சபதம் செய்திருந்தார்கள். யாரும் வாக்கைத் தபாலிலோ பெட்டியிலோ போடுவதில்லை. வந்த உறையை அப்படியே தேவாலயக் கூடத்தில் நடக்கும் வாக்குச்சாவடியில் திருப்பிக் கொடுத்துவிட்டு, செவ்வாய்க்கிழமை நேரில் நின்று போடுவது. அர்மிந்தோவும் டோனட்டைக் கீழே வைத்துவிட்டுக் கையடித்துக் கொடுத்திருந்தார்.

திங்கட்கிழமை மாலை சமையலறை மேசையில் உட்கார்ந்து தன் வாக்குச்சீட்டைப் பிரித்தார். கவர்னரை இறக்க வேண்டும் என்ற வட்டத்தை நன்றாகக் கறுப்பாக்கினார். அதில் மாற்றம் இல்லை. சீட்டை உறையில் இட்டு ஒட்டினார். கையெழுத்துப் போட வேண்டிய கோட்டுக்கு வந்தபோது பேனாவை வைத்துவிட்டுப் போய்க் கைகழுவிக்கொண்டு வந்தார். பள்ளிக்கூடத்திலிருந்து ஒடீலியா கொண்டுவரும் மதிப்பெண் அட்டையில் போட்டுக்கொடுத்த அதே கையெழுத்தை, அவசரமில்லாமல், ஓர் எழுத்தும் விடாமல் போட்டார்.

தேர்தல் அலுவலகத்து வாகன நிறுத்தத்தில் இரும்புப் பெட்டி நின்றது. தரையோடு திருகாணி போட்டு முடுக்கியிருந்தார்கள். அவரும் வெர்னும் எத்தனையோ முறை அதை ஆட்டிப் பார்த்திருக்கிறார்கள். இப்போதும் ஒரு தரம் ஆட்டிப் பார்த்தார். அசையவில்லை. திறப்பு குறுகலாக இருந்தது. உறையைப் பாதிவரை தள்ளிவிட்டு, விடாமல் பிடித்துக்கொண்டு நின்றார். பின்னால் ஒரு கார் வந்து காத்திருந்தது. கார்க்காரப் பெண் ஜன்னலை இறக்கி, "தாத்தா, போட்டாச்சா?" என்றாள்.

"போட்டுக்கிட்டே இருக்கேம்மா" என்றார். பிறகு விரலை எடுத்தார்.

மறுநாள் தேர்தல். வெர்னும் மற்றவர்களும் காலையிலேயே தேவாலயக் கூடத்துக்குப் போய் வாக்களித்தார்கள். வெர்ன் இரண்டு முறை போன் செய்தார். அர்மிந்தோ எடுக்கவில்லை. அலுவலகம் திறந்ததும் பெயர் எழுதிக் கொடுத்துவிட்டு நாடாவின் அருகே போய் நின்றார். கூட்டம் அதிகமாக இருந்ததால் ஜாடிக்குப் பக்கத்தில் இடம் கிடைக்கவில்லை. வாகன நிறுத்தப் பெட்டியிலிருந்து எடுத்த உறைகள் சாப்பாட்டு வேளைக்குப் பிறகு வந்தன. யாருடைய உறை எந்த மேசைக்கு என்று பார்க்காமல் நான்கு மேசைகளுக்கும் கொடுத்தார்கள். முதல் மேசையில் அவர் கையெழுத்து வரவில்லை. நான்காவதிலும் வரவில்லை. பிறகு மூன்றாவது மேசையின் திரையில் வந்தது. உறவினர் உறையைப் பணியாளர் சரிபார்க்கக்கூடாது, கையைத் தூக்கி மேற்பார்வையாளரை அழைக்க வேண்டும் என்பது விதி. ஒடீலியா கையைத் தூக்கினாள். கண்ணாடிப் பக்கம் பார்க்கவில்லை. ரூபால்காவா அம்மாள் அறையின் மறுகோடியில் யாருக்கோ பதில் சொல்லிக்கொண்டிருந்தார். வர நேரமானது. உறையின் ஒரு மூலை மடிந்திருந்தது. ஒடீலியா ஒரு கையைத் தூக்கியபடியே மற்றக் கையால் அந்த மூலையை நிமிர்த்தி, மேசையில் வைத்து உள்ளங்கையால் நீவினாள். திருப்பிப் போட்டு மறுபடியும் நீவினாள். ரூபால்காவா அம்மாள் வந்து உறையை எடுத்து இரண்டாவது மேசைக்குக் கொண்டுபோனார். ஒடீலியா தூக்கிய கையை இறக்கினாள். மற்றக் கை, உறை இருந்த இடத்திலேயே விரித்தபடி சற்று நேரம் இருந்தது.