பொட்டு வைத்த மட்டைகள்

எண்பதுகளின் நடுவில் ராஜபாளையத்தில் ஒரு மில்லின் கெஸ்ட் ஹவுஸுக்கு நான் பொறுப்பாளர். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் காலை பஸ்ஸில் வருவேன். இடுப்பில் சாவிக்கொத்து தொங்கும். அந்தச் சத்தத்திலேயே நான் ஒரு பெரிய மனுஷன் என்ற நினைப்பு எனக்கு. எனக்குக் கீழே ஒரே ஒருவர், சேத்தூரிலிருந்து வரும் தோட்டக்காரர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். கூப்பிட்ட வாய் மூடுமுன் வேலையும் ஏவுவேன்.

முதலாளியின் கோல்ஃப் மட்டைகள் அங்கே ஒரு பையில் இருந்தன. இரும்புத் தண்டு, மேலே பளபளவென்று முலாம். அவருடைய அப்பா விளையாடியவை. கொடைக்கானல் போகும்போது மட்டும் எடுத்துப் போவார்.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு மண்வெட்டி, கத்தரி, தண்ணீர் மோட்டார் எல்லாவற்றுக்கும் தோட்டக்காரர் பொட்டு வைத்துக்கொண்டிருந்தார். எனக்குக் கை சும்மா இருக்குமா? மட்டைகளையும் எடுத்து வரிசையாகச் சாய்த்தேன். மொதலாளி விளையாடுறதாச்சே, இதுக்குமா என்று அவர் தயங்கினார். கும்பிடுறதுல என்ன குத்தம், வைங்க என்று அதட்டினேன். ஒவ்வொரு தண்டிலும் மூன்று இடத்தில் சந்தனம் சொதசொதவென்று அப்பி, மேலே குங்குமம் வைத்தார்.

வைத்த பொட்டை எங்கள் பக்கம் துடைக்க மாட்டோம். தானாகக் காய்ந்து உதிர வேண்டும். அப்படியே பையில் போட்டு ஜிப்பை இழுத்து மூடினேன். அடைமழை பிடித்துக்கொண்டது. மூன்று வாரம் கழித்துத் திறந்தால், சந்தனம் இருந்த இடமெல்லாம் செம்புள்ளி, அம்மை போட்ட மாதிரி.

மண்ணெண்ணெய்த் துணியால் மெதுவாகத் துடைத்து எண்ணெய் பூசியிருந்தால் போதும் என்று ஒரு ஃபிட்டர் பிறகு சொன்னார். நமக்குத்தான் யாரையும் கேட்கும் பழக்கம் கிடையாதே. உப்புத்தாள் வாங்கிவந்து வறட்டு வறட்டென்று தேய்த்தேன். துரு போயிற்று. கூடவே முலாமும் போயிற்று. நாலே நாள் ஈரக்காற்றில் தண்டு முழுக்கச் சிவந்துவிட்டது.

முதலாளி வந்து பையைத் திறந்தார். சத்தம் போடவில்லை. ஒரு தண்டைத் தடவினார், விரல் சிவந்தது. மட்டையின் நுனியில் குங்குமம் ஒட்டியிருந்ததைப் பார்த்தார். இதெல்லாம் யார் வேலை என்று கேட்டார். தோட்டக்காரர் என் முகத்தை ஒருமுறை பார்த்தார்.

"நாந்தான் மொதலாளி பொட்டு வச்சேன்," என்றார்.

அது பொய்யில்லை. மிச்சத்தை நான் சொல்ல வேண்டும். வாயில் கொழுக்கட்டை அடைத்ததுபோல் நின்றேன். வீட்டில் இரண்டு குழந்தைகள் என்று இப்போது சாக்குச் சொல்லலாம், அவருக்கு மூன்று. நாளையிலிருந்து நீ வர வேண்டாம் என்று அவரிடம் சொல்லிவிட்டு முதலாளி உள்ளே போனார்.

நான் அங்கேயே இருந்தேன், நன்றாகவே இருந்தேன். தொண்ணூறுகளில் ஒரு சாயங்காலம் ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்தேன். ஆள் பாதியாகியிருந்தார். அதற்குப் பிறகு நிரந்தர வேலை எதுவும் அமையவில்லை, அடுத்தவர் வயலில் வரப்பு வெட்டுகிறேன் என்றார். நழுவ நினைத்தவனை அவரே பிடித்து நிறுத்தி, என் பிள்ளைகளைப் பற்றி விசாரித்தார். வெட்கமாக இருந்தது. அண்ணே, அன்னைக்கு நான் என்று ஆரம்பித்தேன். அவர் கையமர்த்தினார்.

"வேலை போனதெல்லாம் பொறவு ஆறிப்போச்சு தம்பி. அன்னைக்குச் செடிக்குத் தண்ணி விட எம்புட்டு நேரமாக்குனேன் தெரியுமா? நீ உள்ள போயி உள்ளதச் சொல்லிட்டு வந்துருவன்னு நெனச்சேன்."

அதற்குள் சேத்தூர் பஸ் வந்துவிட்டது. வாரேன் தம்பி என்று ஏறிக்கொண்டார்.

அவர் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த அந்த நேரம் நான் உள்ளே முதலாளியிடம்தான் இருந்தேன். தோட்ட வேலைக்கு வேறு ஆள் யாராவது உண்டா என்று கேட்டார். ஒருவர் பெயரைச் சொன்னேன்.