மூட்டையைக் கண்டால் ஒளியும் குட்டி

தேவைக்கு மேல் சிரிக்கிறவர்களைப் பார்த்தால், எங்கேயோ இடிக்கிறதே என்றுதான் எனக்குத் தோன்றும். தில்லியில் தணிக்கை அலுவலகத்தில் வேலை பார்த்தேன்; பிறவிக் குணத்துக்குச் சர்க்கார் சம்பளமும் கொடுத்தது. எழுபதுகளின் கடைசியில், ஊருக்கு வெளியே ஓர் அம்மாள் நடத்திவந்த பிராணிகள் காப்பகத்துக்குத் தணிக்கைக்குப் போனேன். கணக்கில் ஒரு குறையும் இல்லை. அதுவே எனக்குச் சந்தேகமாக இருந்தது. இன்னும் எதையாவது துருவிப் பார்க்கலாம் என்று பின்பக்கம் போனபோதுதான் அந்தக் கறுப்பு நாய்க்குட்டியைப் பார்த்தேன். மற்ற குட்டிகள் என் சேலையைப் பிடித்து இழுத்தன. அது மட்டும் சுவரோரம் உட்கார்ந்து, இவள் எதற்கு வந்திருக்கிறாள் என்பதுபோல என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. நம்ம ஆள் என்று நினைத்துக்கொண்டேன்.

காப்பகத்து அம்மாள் அதன் கதையைச் சொன்னார். முதலில் எடுத்துப் போனவர்கள் சர்க்கார் குவார்ட்டர்ஸில் இருந்தவர்கள். மாற்றல் வந்ததும், கூலரையும் திரைச்சீலைக் கம்பிகளையும் தள்ளிவிடுவதுபோல, அடுத்துக் குடிவந்தவர்களிடம் குட்டியையும் தள்ளிவிட்டுப் போய்விட்டார்கள். எங்கள் காலனிகளில் அது வழக்கம்தான். நாயும் வீட்டோடு சேர்த்தி. வந்தவர்கள் அதை மே மாத அனல்காற்றில் வாசலில் கட்டிப்போட்டார்கள். அக்கம்பக்கத்தில் யாரோ சொல்லி, அம்மாள் போய் மீட்டு வந்தார். அன்றிலிருந்து பெட்டி, மூட்டை எதைக் கண்டாலும் ஓடி ஒளிந்துகொண்டு, சாப்பாட்டையும் விட்டுவிடுகிறதாம். காப்பகத்திலோ நாய்களுக்கு நோய் பரவிக்கொண்டிருந்தது. இன்னொரு தடவை இங்கே திரும்பி வந்தால் பிழைக்காது என்றார்.

தணிக்கைக்குப் போன இடத்தில் ஒரு வாய் டீகூடக் குடிக்காதவள் நான். அன்று ஒரு நாய்க்குட்டியோடு சரோஜினி நகர் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன்.

நாங்களே வைத்துக்கொள்வதாகத்தான் எண்ணம். என் கணவரும் அதே துறையில்தான் இருந்தார். அவர் பேப்பர் படிக்கும்போது காலடியில் வந்து படுக்கிற அளவுக்குக் குட்டி பழகிவிட்டது. அந்த நேரம் பார்த்து எங்கள் இருவரையும் வடகிழக்கில் ஒரு மலையூருக்குத் தூக்கியடித்தார்கள். அங்கே முதலில் விடுதியில் ஓர் அறைதான் கிடைக்கும். நாய்க்கு இடமில்லை என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள்.

பரணிலிருந்து டிரங்குப் பெட்டியை இறக்கினோம். அந்தச் சத்தத்துக்கே குட்டி கட்டிலுக்கு அடியில் போய்ச் சுவரோடு ஒட்டிக்கொண்டது. பிஸ்கட் காட்டினோம், கெஞ்சினோம், வரவில்லை. நான் தரையில் படுத்து உள்ளே பார்த்தேன். அதுவும் என்னைப் பார்த்தது. எழுந்து போய்க் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வரும்போது ஒரு முடிவோடு வந்தேன். மாற்றல் உள்ள வீட்டுக்கு இது போகாது.

"அப்படின்னா நம்ம ஆளுவ ஒருத்தரும் தேற மாட்டாவ," என்றார் என் கணவர். எத்தனை வருஷம் தில்லியில் இருந்தும் அவருடைய திருநெல்வேலிப் பேச்சு அசையவில்லை. "நீ நாய்க்கு வீடு தேடுத மாதிரி தெரியலையே. மகளுக்கு மாப்பிள்ளை பாக்குத மாதிரில்லா இருக்கு!"

இருக்கட்டுமே. நாலு இடத்தில் விசாரிக்காமல் யார் பெண் கொடுக்கிறார்கள்?

முதலில் கேட்டவர் மலை மந்திர் முருகன் கோவிலில் பழக்கமான ஓர் அதிகாரியின் மனைவி. ஆர்.கே.புரத்தில் விசாலமான வீடு, முன்னால் புல்வெளி.

"எங்களுக்கு இன்னும் ரெண்டு வருஷம் இங்கதான். நல்லாப் பாத்துப்போம்," என்றார்.

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, அடுத்து வர்றவங்ககிட்ட சொல்லிட்டுப் போறதுதான். அச்சா ஆளா வந்தா அவங்க பாத்துக்கப் போறாங்க."

பிரசாதத்தை வாங்கிக்கொண்டு படியிறங்கி வந்துவிட்டேன்.

அடுத்து கிட்வாய் நகரில் ஓர் ஆசிரியை. மாற்றலே இல்லாத வேலை. ஆனால் குட்டியைக் கொஞ்சிய கொஞ்சலில் எனக்கு நம்பிக்கை வரவில்லை. சொல்லாமல் கொள்ளாமல் அவர் வீட்டுக்குப் போனேன். சோபாவை வாங்கும்போது வந்த பிளாஸ்டிக் உறையை இன்னும் பிரிக்கவில்லை. மனிதர்களையே உட்காரவிடாத வீட்டில் நாய் எங்கே உட்காரும்? காபி நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஒரு சனிக்கிழமை காலையில் அழைப்புமணி அடித்தது. எங்கள் மார்க்கெட்டில் துணிக்கடை வைத்திருந்த பஞ்சாபிக்காரர் நின்றார். கையில் கடுகெண்ணெய் தடவிய ரொட்டி.

"பெஹன்ஜி, இங்க கறுப்புக் குட்டி இருக்காமே?" என்று ஹிந்தியில் கேட்டார்.

அந்தப் பக்கத்தில் சனி தோஷம் உள்ளவர்கள் சனிக்கிழமைகளில் கறுப்பு நாய்க்கு எண்ணெய் ரொட்டி போடுவார்கள். இவருக்கு ஏழரைச் சனி நடக்கிறதாம். வாராவாரம் தெருத்தெருவாகக் கறுப்பு நாய் தேடி அலுத்துப்போய், சொந்தமாகவே ஒன்று வைத்துக்கொள்ளலாம் என்று கிளம்பியிருக்கிறார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "சனி விட்டதும் நாயையும் விட்டுடுவீங்களா?" என்றேன்.

சிரித்தார். தேவைக்கு மேல் சிரித்தார். கதவைச் சாத்திவிட்டேன்.

மனிதர் அடுத்த சனிக்கிழமையும் வந்தார். குட்டி வாசல் வரை போய், அவரை விட்டுவிட்டு ரொட்டியை மட்டும் கவ்விக்கொண்டு உள்ளே வந்தது. அதன் புத்தியை மெச்சினேன். சனிக்கிழமை பக்தியை வைத்து ஒரு மனிதரை எடைபோட முடியாது. எனவே புதன்கிழமை மத்தியானம் அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு, அவர் கடைக்கு எதிரே வளையல் கடையில் போய் நின்றுகொண்டேன். அவர் டிபன் டப்பாவைத் திறந்தார். செம்பட்டை நிறத்தில் ஒரு தெருநாய் வந்து பக்கத்தில் உட்கார்ந்தது. தான் ஒரு வாய், அதற்கு ஒரு வாய் என்று போட்டுக்கொண்டே சாப்பிட்டார்.

புதன்கிழமை. செம்பட்டை நாய். இரண்டுக்கும் சனிக்கும் சம்பந்தமில்லை. ஒருவேளை என்னைப் பார்த்துவிட்டுத்தான் நடிக்கிறாரோ என்று மறுநாள் முக்காடு போட்டுக்கொண்டு போய் நின்றேன். அன்றும் அதே செம்பட்டை, அதே டப்பா. வேண்டாத வளையல்கள்தான் வீட்டில் சேர்ந்தன.

வேறு வழியில்லாமல் கடைக்குள் போனேன். உள்ளே கால் வைக்கிற இடமெல்லாம் துணி மூட்டை. எனக்கு உள்ளூர ஒரு நிம்மதி. மறுப்பதற்குக் காரணம் கிடைத்துவிட்டது.

"இந்தக் குட்டி மூட்டையைக் கண்டா ஓடி ஒளிஞ்சுக்கும். சாப்பிடாது. ஏற்கெனவே ஒரு தடவை விட்டுட்டுப் போயிருக்காங்க. உங்க கடை ஒத்துவராது," என்றேன்.

அவர் முகத்திலிருந்த சிரிப்பு நின்றுபோனது. "பிரிவினையில லாகூர்லேருந்து வந்த புதுசுல எனக்கும் அப்படித்தான், பெஹன்ஜி. யார் மூட்டை கட்டினாலும் அம்மா துப்பட்டாவைப் பிடிச்சுக்குவேன். விடவே மாட்டேன்."

துணிக்கடைக்காரர் பேச்சு, ஏமாறாதே என்றது மனசு. ஆனால் சொல்லிவிட்டு அவர் என்னைப் பார்க்கவில்லை, கல்லாவைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"உங்களுக்கு மாற்றல் உண்டா?" என்று கேட்டேன். கேட்டுக் கேட்டுப் பழகிய வாய். கடைக்கு ஏது மாற்றல்?

"எங்க போவேன்? ஒரு தடவை போனதே போதும்," என்றார்.

கொடுத்துவிட்டேன். கொடுத்தபோது குட்டி கல்லாவுக்கு அடியில் புகுந்துகொண்டு வரவே இல்லை. அதைப் பார்த்துக்கொண்டேதான் ரயிலுக்குக் கிளம்பினோம்.

மலையூரில் எனக்கு நிம்மதியில்லை. சனிப்பெயர்ச்சி எப்போது என்று ஒவ்வொரு வருஷமும் பஞ்சாங்கத்தில் பார்த்துக்கொண்டேன், எனக்காக அல்ல, கடைக்காரர் சொல்லியிருந்த ராசிக்காக. அவருக்குச் சனி விட்ட வருஷம், குட்டி மறுபடி தெருவுக்கு வந்திருக்கும் என்று நானே முடிவுகட்டி, இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

எண்பதுகளின் நடுவில் தில்லிக்கே மாற்றலாகி வந்தோம். ஒரு புதன்கிழமையாகப் பார்த்து மார்க்கெட்டுக்குப் போனேன். கடை வாசலில் கயிறு கட்டிய ஒரு பெரிய மூட்டை. அதன்மேல் முகவாய் நரைத்த கறுப்பு நாய் ஒன்று காலைப் பரப்பித் தூங்கிக்கொண்டிருந்தது. வேலையாள் வந்து மூட்டையைத் தட்டினார். நாய் அலுப்போடு இறங்கி, பக்கத்து மூட்டையில் ஏறிப் படுத்தது.

நான் கிட்டே போனதும் தலையைத் தூக்கி உறுமியது. கடைக்காரர் எழுந்து வந்தார். அவருக்கும் நரைத்திருந்தது. என்னைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தவர், சட்டென்று நாயின் கழுத்துப் பட்டையைப் பிடித்துக்கொண்டார்.

"சனி முடிஞ்சு ரொம்ப நாளாச்சு, பெஹன்ஜி. ஆனா இதைத் தர மாட்டேன்."

"ரவிக்கைத் துணி வாங்க வந்தேன்," என்றேன்.

அவர் நம்பவில்லை. "உங்களுக்கு இன்னும் மாற்றல் உண்டுதானே?"

"உண்டு."

"அச்சா," என்று பட்டையை இன்னும் இறுக்கிப் பிடித்தார். ஒரு கையாலேயே துணியை அளந்து கொடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் என் கணவர் கேட்டார், "அதுக்கு ஒன்ன அடையாளம் தெரிஞ்சுதா?"

"தெரியல. நான் கடையை விட்டு எறங்குற வரைக்கும் உறுமிக்கிட்டே இருந்துச்சு."

"பொறவு ஏன் சிரிக்கே?"

"மூட்டையை விட்டு எறங்காமலே உறுமுச்சு," என்றேன்.